ஐலாவின் சத்தமில்லாப் பெட்டி

காதுக் கருவி பொருத்திக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் வெகுதூரம் வரை ராய்மோ வாயைத் திறக்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கயானி ஊரின் மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் தொலைத்தவன். கேட்காத பேச்சுக்குப் பதில் சொல்வானேன் என்று நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொண்டவன். ஆனால் ஜனவரி மாதத்து அந்த மத்தியானம், கார் ஓட்டிக்கொண்டிருந்த ஐலாவுக்குத் தன் புருஷன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்தது. டயருக்கு அடியில் பனி நொறுங்கும்போது அவன் தலை சாய்ந்தது. இண்டிகேட்டர் டிக்டிக்கென்றபோது குனிந்து அதைத் தேடினான்.

ஏரிக்கரைச் சாலையில் திரும்பும்போது கேட்டான், "உனக்குச் சளியா?"

"ரெண்டு வாரமா."

"சொல்லவே இல்ல?"

"தினம் தும்மினேனே. ஊரே எழுந்திருக்கிற மாதிரி தும்மினேன்."

ராய்மோ சிரித்தான். தன் சிரிப்பே காதில் விழுந்ததும் திடுக்கிட்டு நிறுத்தினான். ஐலா சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். கண் கலங்கியதைச் சளியின் மேல் போட்டுவிடலாம்.

கருவி கொடுத்த நர்ஸ் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் சில மாதம் தினமும் போட்டே ஆகவேண்டும். மறந்துபோன சத்தங்களை மூளை மறுபடி படிக்கவேண்டும்; டிராயரில் போட்டு வைத்தால் படிக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு நான்கு மணிக்கு அந்த வீட்டில் படம். ராய்மோவின் தம்பி கெய்யோவும் அவன் மனைவி ஓர்வொக்கியும் வருவார்கள். ஓர்வொக்கி ஏலக்காய் பன் கொண்டுவருவாள். காபி ஐலாவுடையது. படங்களெல்லாம் டிவிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில் கிடந்தன. பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கெய்யோவே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தது அது. இருபது வருஷத்தில் சேர்த்த படங்கள் அத்தனையும் அதற்குள் பத்திரமாக இருந்தன.

அன்றைக்கு ராய்மோ காதில் கருவியோடு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுத்துப் போட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டான்.

"யாரு உள்ள மெஷின் போட்டுத் தலை காய வைக்கிறது?"

"யாருமில்லையே," என்றாள் ஐலா.

அவன் அறையைச் சுற்றி வந்து, டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, கம்ப்யூட்டரைக் காட்டினான். "இதுதான். இதுதான் கத்துது."

மற்ற மூவரும் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை. அவன் சொன்ன நொடியிலிருந்து மூவருக்கும் அது மட்டுமே கேட்டது. உள்ளங்கை அகலமுள்ள சின்ன விசிறி ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிற ர்ர்ர் சத்தம். நல்ல காதுக்கு அது சுவர்க் காகிதத்தின் பூ மாதிரி பழகிப்போன விஷயம். ராய்மோவின் கருவியோ அதைத்தான் முதலில் பிடித்துப் பெரிதாக்கி, பேசுகிறவர்களின் வாய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் கருவியைக் கழற்றினான். கழற்றியதும் பழையபடி வசனம் கேட்கவில்லை; இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டது இப்போது பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு நான்கு மணிக்கு அவன் விறகு பிளக்கக் கொட்டகைக்குப் போய்விட்டான். கருவி கத்தரிக்கோல், நூல்கண்டோடு டிராயருக்குள் கிடந்தது.

கெய்யோ கெட்டவன் இல்லை. கடையிலிருந்து 'சத்தமில்லா விசிறி' என்று அட்டையில் அச்சடித்த ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிப் பார்த்தான். ர்ர்ர் போய் ஸ்ஸ்ஸ் வந்தது.

"இவ்வளவுதாம்மா முடியும்," என்றான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி. "கம்ப்யூட்டர்னா சூடு. சூடுன்னா காத்து. காத்துன்னா சத்தம். இதுக்கு மேல வேணும்னா அணைச்சு வெச்சுட்டுத்தான் படம் பாக்கணும்."

"காத்துன்னா சத்தம்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாள் ஐலா.

"யாரு சொல்லணும்? பதினெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன்."

"நான் முப்பத்தொரு வருஷமா காத்தைத்தான் நகர்த்திட்டிருக்கேன் கெய்யோ."

அது உண்மை. ஐலா தகர வேலைக்காரி. ஆஸ்பத்திரி, நூலகம், பள்ளிக்கூடம் என்று கயானியில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கூரைப் பலகைக்கு மேலே ஓடுகிற காற்றுக்குழாய்களில் பாதி அவள் கையால் வெட்டி மடித்து மாட்டியவை. மாட்டி முடிந்ததும் பலகையைப் போட்டு மூடிவிடுவார்கள். வேலை சரியாக இருந்தால் அங்கே குழாய் இருக்கிறது என்றே ஒருவருக்கும் தோன்றாது. தவறினால்தான் போன் வரும். முப்பத்தொரு வருஷத்தில் அவள் செய்த எதையும் யாரும் நின்று பார்த்ததில்லை, பட்டறைக்காரர்களைத் தவிர.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் ஒரு தகட்டை எடுத்து மேஜையில் போட்டாள். யூர்கி சூப்புக் கிண்ணத்தோடு வந்து எட்டிப்பார்த்தான். பதினைந்து வருஷமாக ஐலாவோடு ஏணியின் மறுமுனையைப் பிடிக்கிறவன். வாய் மட்டும் ஓயாது.

"என்ன செய்யற? மீனைப் புகை போட்டு வேக வைக்கற பெட்டியா?"

"கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டரையா புகை போடப் போற?"

"உன் நாக்கை முதல்ல போடறேன். போய்ச் சூப்பைக் குடி."

அந்த முதல் பெட்டிக்கு ஐலா ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். சத்தத்தை எப்படி அடக்குவது என்று அவளுக்குத் தெரியும். தினமும் செய்கிற வேலைதானே. தகரத்தின் உள்புறம் முழுக்கக் குழாய்களுக்கு ஒட்டும் கறுப்புப் பஞ்சை இரண்டு விரல் கனத்துக்கு ஒட்டினாள். துளைகளையெல்லாம் அடைத்தாள். காற்று உள்ளே வர ஒரு கீறல், வெளியே போக ஒரு கீறல், அவ்வளவுதான் விட்டாள். கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளைப் பிரித்து அதற்குள் பூட்டுவதற்குக் கெய்யோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். ராய்மோ டிராயரைத் திறந்து கருவியை எடுத்து மாட்டி, பெட்டியின் பக்கத்தில் குந்தினான். நெடுநேரம் கேட்டான். பிறகு ஒரு தடவை தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை ஐலா மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு நான்கு மணி. பனிப்புயலில் தன் சகோதரனைத் தேடிப் போகிற ஒருத்தனைப் பற்றிய படம். ஒரு மணி பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகப் போனது. சகோதரன் பனிக்கட்டி பிளந்து தண்ணீரில் விழுகிறான், இவன் கயிற்றை எடுத்து வீசுகிறான், திரை கறுத்துவிட்டது.

"என்ன ஆச்சு? பிடிச்சானா?" ஓர்வொக்கி பன்னைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். "கயித்தைப் பிடிச்சானா இல்லையா?"

கெய்யோ பெட்டியின் மேல் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். "அடேயப்பா! தொண்ணூத்தஞ்சு டிகிரி தொட்டா பிராசசர் தானே அணைஞ்சுக்கும். அணைஞ்சுடுச்சு. இதுக்குள்ள மீன் வெச்சிருந்தா இந்நேரம் வெந்திருக்கும் ஐலா."

யூர்கி சொன்னது இவனுக்குத் தெரியாது. தெரியாமலே அதையே சொன்னான். ராய்மோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததும் ஓர்வொக்கியும் சிரித்தாள். ஐலாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை அப்படியே தூக்கிப் பால்கனியில் இருந்த பனியின் மேல் வைத்தாள். அது புஸ்ஸென்று ஆவி விட்டது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குளிரில் வெறும் சட்டையோடு நின்றாள். வெட்கம் தோளிலிருந்து காது வரைக்கும் ஏறியது. ஐம்பத்தைந்து வயதில், தன் சொந்த வேலையில், தன் வீட்டுக் கூடத்தில் தோற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கெய்யோ கிளம்பும்போது தோளைத் தட்டினான். "விட்டுடு. அடுத்த மாசம் கடைக்கு ரெடிமேடா ஒண்ணு வருது."

"கொண்டுவராத," என்றாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் அதைத் தொடவில்லை. ஊரின் வடக்கே புதிதாகக் கட்டிய குழந்தைகள் காப்பகத்தில் குழாய் மாட்டும் வேலை. குழந்தைகள் மத்தியானம் தூங்குகிற அறைக்கு வரைபடத்தில் அகலக் குழாய் போட்டிருந்தது. யூர்கி வேனிலிருந்து அதில் பாதி அகலமுள்ள ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"இதை மாட்டிடலாம் ஐலா. மிச்சமா கிடக்கு. தூக்கவும் லேசு."

"படத்துல அகலமாத்தானே போட்டிருக்கு?"

"காத்து போனா போதாதா? சத்தம் வந்தா அப்புறமா பஞ்சு வெச்சு அடக்கிக்கலாம்."

ஐலா ஏணியின் உச்சியிலிருந்து அவனைத் திட்ட ஆரம்பித்தாள். "முப்பது பிள்ளைங்க தூங்கற ரூம்யா இது. ஒடுக்கமா விட்டா காத்து ஓடும், ஓடினா கத்தும். அகலமா விடு, அது நடந்து போகும். நடக்கற காத்துக்கு வாயே கிடையாது. சத்தத்தை உண்டாக்கிட்டு அப்புறம் அடக்கறவன் வேலைக்காரனா? அதை உண்டாகவே..."

அத்தோடு நின்றுவிட்டாள். கையில் இருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது.

யூர்கி அண்ணாந்து பார்த்தான். "என்ன, ஏணிமேலயே தூங்கிட்டியா?"

"அகலக் குழாயை எடுத்துட்டு வா," என்றாள் மெல்ல. "நான் ஒரு முட்டாள்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

அன்று சாயங்காலம் காபி மேஜையில் பழைய பெட்டியைப் பிரித்துப் பரப்பினாள். கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது தப்பு. சின்ன விசிறியை வெறியோடு ஓடவிட்டு, அந்தக் கூச்சலைப் பஞ்சுக்குள் புதைக்கப் பார்த்திருக்கிறாள். எந்தக் கட்டடத்திலும் அப்படிச் செய்திருக்கமாட்டாள். கம்ப்யூட்டர் என்றதும் அது ஏதோ வேறு உலகம் என்று நினைத்துத் தன் தொழிலைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

"ராய்மோ, காதுல மெஷினை மாட்டிட்டு இங்க வா," என்று கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. எழுந்து போய், டிராயரிலிருந்து எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். "எனக்கு உன் காது வேணும். என் காது இதுக்கு ஆகாது, அது எல்லாத்தையும் மன்னிச்சுடுது. உன்னோடதுதான் மன்னிக்காது."

ராய்மோ கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "எத்தனை மணிக்கு வேலை?" என்று கேட்டான்.

"தினம் அஞ்சு மணிக்கு."

இரண்டாவது பெட்டி இப்படித்தான் உருவானது. ஐலா பகலில் பட்டறையில் வெட்டுவாள், மடிப்பாள். மத்தியானமே கருவியை மாட்டிக்கொண்டு ராய்மோ ஐந்து மணிக்குக் காத்திருப்பான். சின்ன விசிறிகள் எல்லாவற்றையும் அவள் கழற்றி எறிந்தாள். அவற்றுக்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரே ஒரு விசிறி, எண்ணிப் பார்க்கலாம் போல மெதுவாகச் சுற்றுவது. பிராசசரின் மேல் வைத்துச் சூட்டை உறிஞ்ச, அலுமினியத் தகடுகளை அடுக்கிய பெரிய கட்டு ஒன்றைக் கெய்யோவின் கடையிலிருந்து கேட்டு வாங்கினாள். மின்சாரம் கொடுக்கும் பகுதியைப் பெட்டிக்கு வெளியே, லேப்டாப்புக்கு இருப்பது போலத் தனியாக வைத்துவிட்டாள். சூட்டில் ஒரு பங்கு அதோடு போயிற்று. காற்று கீழ்ப்புறத்து அகல வாயில் நுழைந்து, பஞ்சு ஒட்டிய ஒரு வளைவில் திரும்பி, அந்த அலுமினியக் கட்டின் நடுவே போய், விசிறியைத் தாண்டி, இன்னொரு வளைவில் திரும்பி வெளியேற வேண்டும். விசிறிக்கு முன்னால் கம்பெனிகள் வைக்கிற துளைத் தகட்டை அடியோடு வெட்டி எடுத்தாள். திருப்பங்களில் காற்று சுவரில் மோதாமல் இருக்க, பெரிய குழாய்களில் வைப்பது போல வளைந்த தகட்டு இதழ்களை வைத்தாள். விரல்நீள இதழ்கள், பதினொன்று. ஒவ்வொன்றின் விளிம்பையும் அரத்தால் தேய்த்து மழுக்கினாள்.

அவளுக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில் ராய்மோவுக்குக் கேட்டது. மண்டியிட்டு, கண்ணை மூடி, விரலை நீட்டுவான்.

"இங்க. இடது பக்கம் பின்னால. ஒரு நமைச்சல் மாதிரி."

"காத்தா?"

"இல்ல. தாழ்வா இருக்கு. ஆலையில பெல்ட் தளர்ந்தா வருமே, அப்படி."

ஹார்டு டிஸ்க். அது சுழலும் நடுக்கம் தகரத்தில் இறங்கி, தகரத்திலிருந்து அலமாரிப் பலகைக்குப் போய், பலகை முழுவதுமே முனகிக்கொண்டிருந்தது. ரப்பர் வைத்துப் பார்த்தாள், முனகல் குறைந்தது, போகவில்லை. தொங்கவிட வேண்டும் என்று தெரிந்தது. எதில் தொங்கவிடுவது? மூன்று விதப் பட்டைகளை இழுத்துப் பார்த்து அலுத்தவள், அலமாரியைக் குடைந்து ராய்மோவின் குளிர்கால உள்கால்சட்டை ஒன்றை எடுத்து, இடுப்பு எலாஸ்டிக்கைக் கத்தரித்தாள்.

"அது நல்லாத்தானே இருந்துச்சு," என்றான் ராய்மோ.

"அதனாலதான் எடுத்தேன். மைனஸ் முப்பது டிகிரி குளிர்லயும் தொய்யாத எலாஸ்டிக்."

டிஸ்க் அதில் ஊஞ்சலாகத் தொங்கியது. ராய்மோ மண்டியிட்டான், கண்ணை மூடினான். விரல் நீளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போனவன், குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் நின்று, "இப்ப இது கத்துது," என்றான். ஐலா வாய்விட்டுச் சிரித்தாள். "அதை நான் செய்யலப்பா!" என்றாள்.

மார்ச் மாதம் நர்ஸைப் பார்க்கப் போனார்கள். கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறான் என்று பார்த்தவள் புருவத்தை உயர்த்தினாள். "கடைசி ரெண்டு வாரமா தினம் ஏழு மணி நேரம்! எப்படி ராய்மோ?"

"வேலைக்குப் போறேன்," என்றான் அவன். "எம் பொண்டாட்டிகிட்ட."

ஏப்ரல் முதல் ஞாயிறு. ஏரியில் இன்னும் பனிக்கட்டி. ஆனால் நான்கு மணிக்குக்கூட வெயிலில் கண் கூசியதால் ஐலா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். யூர்கியை அவள் கூப்பிடவில்லை. அவன் தானாக வந்தான், கம்பெனியின் ஒலி அளக்கும் கருவியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு.

"மீன் பெட்டியைப் பாக்க வந்தேன். அளந்து எழுதிக்காம ஒரு வேலையும் முடியக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ."

கெய்யோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அணைச்சு வெச்சு அளங்க முதல்ல. ஏமாத்து வேலை வேண்டாம்."

யூர்கி கருவியை ராய்மோவின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தான். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். இருபத்துமூன்று டெசிபல். ஐலா பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. இரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். இருபத்துமூன்று.

"உங்க மெஷின் நின்னுபோச்சு," என்றான் கெய்யோ.

"இருமு," என்றான் யூர்கி.

கெய்யோ இருமினான். அறுபத்தொன்று.

மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, மூன்று தடவை அளந்தார்கள். எண் அசையவில்லை. "சரி, சத்தமில்ல," என்றான் கெய்யோ. "போன தடவையும்தான் சத்தமில்ல. சூட்டைப் பாக்கணும்." போனில் பிராசசரின் சூடு தெரிகிற மாதிரி செய்து, அதை முட்டியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு ரெண்டும் வேண்டாம்," என்றாள் ஓர்வொக்கி. "அந்தப் பாவி கயித்தைப் பிடிச்சானான்னு தெரியணும். ஏழு வாரமா தண்ணிக்குள்ளயே கிடக்கான்."

அதே படத்தை முதலிலிருந்து போட்டார்கள். ஐலாவுக்குப் படம் கண்ணில் பதியவில்லை. கெய்யோவின் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஒரு மணி நேரம் ஆயிற்று, ஐம்பத்தேழு. பனி பிளந்தது, சகோதரன் விழுந்தான், கயிறு பறந்தது. ஐம்பத்தெட்டு. அங்கேயே நின்றது. கயிற்றை அவன் பிடித்தான். ஓர்வொக்கி கைதட்டினாள். கெய்யோ போனை முட்டியிலிருந்து எடுத்து, திரையைக் கீழே கவிழ்த்து, மேஜையில் வைத்தான். இனிமேல் பார்க்கத் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். ஐலாவுக்கு அது போதுமாயிருந்தது.

படத்தில் இரண்டு சகோதரர்களும் ஒரு மரவீட்டில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. ராய்மோ ரிமோட்டை எடுத்து நிறுத்தினான்.

"என்ன, கேக்கலியா?" என்றாள் ஐலா.

"கேக்குது. அவன் மூச்சு விடறான். பல்லு தந்தியடிக்குது." ராய்மோ நிறுத்திய திரையையே பார்த்தான். "பேச்சுதான் கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன். இதெல்லாமும் படத்துல இருக்கும்னு மறந்தே போச்சு." பிறகு, தம்பியின் பக்கம் திரும்பி, அந்த வீட்டில் யாரும் கேட்டறியாத உரத்த குரலில் சொன்னான்: "கெய்யோ, இது எம் பொண்டாட்டி செஞ்சது. கடையில கிடைக்காது."

ஐலாவின் முகம் சிவந்துவிட்டது. தன்னைப் பற்றிய புகழ்ச்சி வந்தால் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவது அவள் வழக்கம். அந்த ஊரில் எல்லோருக்குமே அதுதான் வழக்கம். ஆனால் இன்றைக்குக் கால் நகர மறுத்தது.

யூர்கி அலமாரியின் முன்னால் குந்தி, பெட்டியின் மேல் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். மடிப்பில் எங்காவது இடறுகிறதா என்று பார்க்கிற விரல் அது. முன் மூலையிலிருந்து பின் மூலை வரை போயிற்று. திரும்பி வந்தது. ரிவெட்டு ஆணிகளின் இடைவெளியை நகத்தால் அளந்தான். பதினைந்து வருஷமாகப் புது ஆட்களின் வேலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவன், எழுந்து, பேன்டில் தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"மோசமில்ல."

கெய்யோவுக்கும் ஓர்வொக்கிக்கும் அது சாதாரண வார்த்தையாகப் பட்டிருக்கலாம். யூர்கி வாயிலிருந்து ஐலா அதை இதுவரை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். அதுவும் வேறு யாரோ கட்டிய ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்து.

"கறுப்புப் பெயின்ட் அடிச்சுட்டா டிவியோட சேந்துக்கும்," என்றான் கெய்யோ. "இப்ப தகரமாத் தெரியுதே."

"தகரம்தானே? தெரியட்டும்," என்றாள் ஐலா. "நான் செஞ்சதெல்லாம் கூரைக்கு மேல ஒளிஞ்சுதான் கிடக்கு. இது ஒண்ணு கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்."

கெய்யோ தலையைச் சொறிந்தான். பிறகு, பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருப்பவன், நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தான். "சரி, சொல்லு. இந்த ஒத்த ஃபேன் எப்படி இவ்வளவு சூட்டை இழுக்குது? நெஜமாவே எனக்குப் புரியல."

ஐலா மூடியைத் திறந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். காற்று எங்கே நுழைகிறது, ஏன் அங்கே அகலம், ஏன் இங்கே வளைவு என்று காற்றின் கூடவே விரலை நடத்திக்கொண்டு போனாள். பதினொரு இதழ்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். டிஸ்க் தொங்கும் பட்டையைப் பார்த்து ஓர்வொக்கி, "இந்தக் கோடு போட்ட துணியை எங்கேயோ பாத்திருக்கேனே," என்று இழுக்க, ராய்மோ, "என் இடுப்புல," என்றான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் ஐலா விடவில்லை. முதல் பெட்டி ஏன் தோற்றது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். காபி ஆறியது. படத்தில் சகோதரர்கள் அடுப்பின் முன்னால் அப்படியே உறைந்துபோயிருந்தார்கள். தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது; நிறுத்தத்தான் மனசு வரவில்லை.

கெய்யோ எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு, எங்க போற? முன்பக்கம் மட்டும் பாத்தா எப்படி? யூர்கி, அந்த முனையைப் பிடி, திருப்புவோம். காத்து வெளியே போற வளைவு இருக்கு பாரு, அது இதைவிட அழகா வந்திருக்கு."